அளந்து வெட்டிய கேரட்

அந்தக் கல்லூரி வளாகத்தில் யாராவது ஒரு காகிதத்தைக் கசக்கிக் கீழே போட்டால், போட்ட கையே திரும்பக் குனிந்து அதை எடுத்துவிடும். எந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து குப்பை மேடம் வருவாரோ என்ற பயம்தான் காரணம்.

அவள் விலங்கியல் பாடம் எடுப்பவள். குப்பை மேடம் என்பது மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த கிண்டல் பெயர். நாளடைவில் அவளே மைக்கைப் பிடித்து, "உங்க குப்பை மேடம் பேசறேன்" என்று தொடங்கும் அளவுக்கு அது பட்டமாகிவிட்டது. கைதட்டு விழும். அவளுக்கும் உச்சி குளிர்ந்துதான் போகும், அதை ஏன் மறைக்க வேண்டும்? பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கூட்ட மேஜையிலிருந்து விரட்டியவள் அவள். எங்கே போனாலும் கையில் ஸ்டீல் டம்ளரோடு போகும்படி முதல்வரையே மாற்றிக் காட்டியவளும் அவள்தான்.

ஆண்டுதோறும் அவள் நடத்தும் பசுமை வாரத்தில் சைக்கிள் ஊர்வலம் உண்டு, மரக்கன்று உண்டு, பழைய துணி பரிமாற்றம் உண்டு. அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களும் ஆசிரியர்களின் குடும்பங்களும் வந்து கலந்துகொள்வார்கள். ஆனால் கூட்டம் கூடுவது குப்பைப் பிரிப்புக்குத்தான். மைதானத்தில் தார்ப்பாய் விரித்து, ஒவ்வோர் அறையின் குப்பைப் பையையும் எல்லோர் முன்னாலும் கொட்டி, வகை வகையாகப் பிரித்து, எடை போட்டு, பலகையில் எழுதுவார்கள். எந்த அறை ஒழுங்கு, எந்த அறை மோசம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

"எங்க குப்பையில என்ன இருக்குன்னு பசங்க கிளறிப் பார்க்கணுமா மேடம்?" என்று ஆசிட் சார் ஒருமுறை சண்டைக்கு வந்தார். வேதியியல்காரர். பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு.

"நம்ம குப்பையைப் பார்த்து நாமளே வெட்கப்படலன்னா வேற யாரு சார் வெட்கப்படுவா?" என்றாள் அவள். சுற்றி நின்ற மாணவர்கள் விசிலடித்தார்கள்.

இப்போது அவள் வீட்டுக்குப் போவோம்.

அவள் கணவர் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் படம் வரைபவராக இருந்தவர். முதலில் பென்சிலில் வரைந்தார், பிறகு கம்ப்யூட்டரிலும் கற்றுக்கொண்டு வரைந்தார். அலுவலகம் கை மாறியபோது புது முதலாளிகள் இளவட்டங்களை வைத்துக்கொண்டு இவரை அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கொஞ்ச காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகள் வெளியூரிலிருந்து போன் செய்தால், "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு ரிசீவரைப் போல முகத்தையும் திருப்பி வைத்துவிடுவார்.

அப்போதுதான் டாக்டர் அவளுக்கு ரத்த அழுத்தம் என்றார். உப்பைக் குறைக்கணும், வெளியே சாப்பிடக் கூடாது, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே கூடாது. அவளுக்கு வந்த நோய் அவருக்கு வேலை கொடுத்தது. மறுநாளே சமையலறைக்குள் நுழைந்தார். அதுவரை வெந்நீர் வைக்கவும் தெரியாத மனிதர், காய் நறுக்கும்போது பக்கத்தில் ஸ்கேலை வைத்துக்கொண்டார். கேரட் துண்டுகள் நாலு பக்கமும் ஒரே அளவில் இருக்கும். பீன்ஸ் ஒன்றுக்கொன்று மயிரிழையும் கூடாது, குறையாது. அவற்றை வேகவைத்து, முட்டையை அரிந்து, ரொட்டியோடு டப்பாவில் அடுக்கிக் கொடுப்பார். அவளுக்கு உப்பில்லை என்றால் தனக்கும் இல்லை என்று அவரும் அதையே சாப்பிட்டார்.

அழகுக்குக் குறைவில்லை. ஆனால் வாயில் வைக்க வழங்காது.

ஆரம்பத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கத்தான் செய்தாள். ஒருநாள் மற்ற ஆசிரியைகள் கையைப் பிடித்து இழுக்க, கேன்டீனுக்குப் போனாள். மொறுமொறுவென்று வறுத்த மீன், காரசாரமான குழம்பு, ஊர் வம்பு. அன்றைக்கு டப்பாவில் இருந்ததை ஒரு பழைய செய்தித்தாளில் கொட்டி மடித்து, ஆசிரியர் அறைக் குப்பைத்தொட்டியின் அடியில் வைத்தாள். ஒருநாள் மட்டும் என்றுதான் நினைத்தாள். எல்லாக் கெட்ட பழக்கமும் இந்த ஒருநாளில்தானே தொடங்குகிறது?

சாயங்காலம் வீடு திரும்பியதும் அவர் பையைத் திறந்து டப்பாவை எடுப்பார். காலியாக இருப்பதைப் பார்த்து முகம் மலரும்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்."

கொட்டும்போது மூக்கில் ஏறிய வாசனையை வைத்துச் சொன்ன பதில் அது. அவர் அதை நம்பி மறுநாள் எலுமிச்சையைக் குறைத்து மிளகைக் கூட்டினார். உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி வறுத்த மீன்.

இந்த வருஷம் பசுமை வாரத்தின் மாணவர் பொறுப்பு, எல்லோரும் கறார் என்று கூப்பிடும் ஒரு பெண்ணிடம் வந்தது. பேருக்கு ஏற்ற பெண்தான்.

"மேடம், பிரிப்பு நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சா எல்லாரும் அந்த வாரம் மட்டும் யோக்கியமா நடந்துக்கறாங்க. பையை எப்ப எடுப்போம்னு யாருக்கும் சொல்லக் கூடாது."

"சபாஷ். எனக்கும் சொல்லாத. எனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றாள் குப்பை மேடம். அந்த நிமிஷத்தில் தன் நேர்மையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

பிரிப்பு புதன்கிழமை. பசுமை வாரம் தொடங்கிய திங்கட்கிழமையே அவள் உஷாரானாள். அன்றும் மறுநாளும் கேன்டீன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கணவர் கொடுத்ததைத் துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி வைத்தாள். தொட்டியை எப்போது தூக்கினாலும் கவலையில்லை.

புதன்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும் கணவர் இந்த முறை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "சும்மா நிக்கறதுக்கு ஏதாவது வேலை குடும்மா" என்று கறாரிடம் கேட்டார். அவள் ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்து, வீணான உணவைப் பிரிக்கும் மேஜையில் அவரை நிறுத்தினாள். அவர் சுத்தபத்தமாக ரொட்டி ஒரு பக்கம், பழத்தோல் ஒரு பக்கம் என்று வரிசை கட்டினார். அலுவலகம் போன காலத்து மிடுக்கு முகத்தில் திரும்பியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்த மனைவிக்குச் சந்தோஷமாக இருந்தது.

கறார் மைக்கை எடுத்தாள். "இந்தப் பைகள் எல்லாம் போன வாரம் முழுக்கச் சேர்ந்தது, சனிக்கிழமை எடுத்தது. யாருக்கும் சொல்லல. மேடத்துக்கே தெரியாது!"

கூட்டம் ஆரவாரித்தது. மேடத்தின் பார்வை ஆசிரியர் அறைப் பையைத் தேடியது.

ஆசிரியர் அறைப் பையைக் கொட்டினார்கள். மடித்த செய்தித்தாள் பொட்டலங்கள் உருண்டு வந்தன. மாணவர்கள் அவற்றை உணவு மேஜைக்குத் தள்ள, கணவர் ஒன்றைப் பிரித்தார். ஊசிப்போன நாற்றத்துக்கு நடுவே கேரட் துண்டுகள், ஒரே அளவில், அப்படியே இருந்தன. முட்டை, பீன்ஸ், ரொட்டி, எதிலும் ஒரு கடி கூடக் கடிக்கப்பட்டிருக்கவில்லை.

"டேய், இதை ஸ்கேல் வச்சு வெட்டியிருக்காங்கடா!" என்று ஒரு மாணவன் கத்தினான். நாலைந்து பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார். அதற்கடுத்ததையும் பிரித்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் மனைவியைத் தேடினார். கண்கள் சந்தித்ததும் அவர்தான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். தப்பு செய்தவர் அவர் என்பது போல. அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"யாரு சார் இது, சாப்பிடாமலே கொட்டினது?" என்று யாரோ கேட்க, இன்னொருவன், "வேற யாரு, டயட் இருக்கேன்னு சொல்லிட்டுத் திரியற ஆசிட் சார்தான்!" என்றான். வளாகமே அதிரச் சிரித்தது. ஆசிட் சார் அந்த மாதம்தான் வீட்டிலிருந்து வேகவைத்த காய் கொண்டுவர ஆரம்பித்திருந்தார். "நான் இல்லப்பா... நான் ஒரு நாளும்..." என்று கையை ஆட்டினார். ஆட்ட ஆட்டச் சிரிப்பு கூடியது. அவர் காதுமடல் சிவந்துபோயிற்று.

கணவர் குரல் கொடுத்தார். "விடுங்கப்பா. கொட்டினவங்களைச் சொல்லி என்ன பண்றது? சமைச்சவனுக்குச் சமைக்கத் தெரியல, அவ்வளவுதான்."

அதைக் கேட்டு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர் எல்லாவற்றையும் உரத்தொட்டியில் தள்ளிவிட்டு, அடுத்த அறைப் பையை வாங்கிக்கொண்டார்.

கடைசியில் மேடம் மேடை ஏற வேண்டும். உணவை வீணாக்கியதில் முதலிடம் ஆசிரியர் அறைக்கு என்று அறிவிக்க வேண்டும். மைக்கைப் பிடித்தாள். கணவர் பின்வரிசையில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார், ஆசிட் சார் முன்வரிசையில் தலையைக் குனிந்திருந்தார். 'அது என்னுடையது' என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வெளியே வந்தது வேறு: "நாம எல்லாருமே எங்கேயோ ஒரு இடத்துல தப்பு பண்றோம். நாம எல்லாருமே திருந்தணும்." வழக்கம்போலக் கைதட்டு விழுந்தது. ஒருத்தி செய்த காரியத்தை ஊர் முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு அவள் இறங்கினாள்.

சாயங்காலம் வீட்டில் அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் எதிரில் நின்றாள். எங்கிருந்து தொடங்குவது என்று மென்று முழுங்கினாள்.

"அந்த கெமிஸ்ட்ரி சார் பாவம்" என்றார் அவர். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடு." பிறகு டிவியில் செய்தி போட்டார்.

மறுநாள் காலை சமையலறையில் கத்திச் சத்தம் இல்லை. மேஜையில் டப்பா இல்லை. அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கேட்க அவளுக்கு முகம் இல்லை, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மதியம் ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்றாள். "நேத்து அந்தப் பொட்டலம் எல்லாம் என்னோடது. சார் மேல எந்தத் தப்பும் இல்ல."

உடனே ஆசிட் சார் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், எனக்காக நீங்க பழியை ஏத்துக்க வேணாம். நீங்க சொன்னதே போதும். நேத்து ராத்திரியெல்லாம் என் பொண்டாட்டிகிட்டப் புலம்பினேன். உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு."

"பெரிய மனசுதான்" என்று மற்றவர்கள் ஆமோதித்தார்கள். ஒரு ஆசிரியைக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அவள் சம்பாதித்து வைத்த நல்ல பெயர் அவளை உண்மை பேசக்கூட விடவில்லை. கத்தினால்தான் நம்புவார்கள் போலிருந்தது. கத்தினாள்.

"பெருந்தன்மையும் இல்ல, மண்ணும் இல்ல சார்! எங்க வீட்டுக்காரர் எனக்காகச் சமைச்சது. மாசக்கணக்கா தினமும் கொட்டிட்டு, இவங்ககூடப் போய் மீன் தின்னேன். வீட்டுக்குப் போய் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்."

ஆசிட் சார்தான் மெதுவாகக் கேட்டார், "அவருக்குத் தெரியுமா மேடம்?"

"பிரிச்சதே அவர்தான் சார்."

ஆசிட் சார் அவளைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் காய்கறி டப்பாவை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்று அவள் பட்டினியாகவே வீடு திரும்பினாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள், "சொல்லிட்டேங்க. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

"நல்லது."

"நாளைக்கு டப்பா கட்டிக் குடுங்க. சத்தியமா சாப்பிடறேன். உப்பே இல்லன்னாலும் சாப்பிடறேன்."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "வேணாம்மா. கேன்டீன்லயே சாப்பிடு, வறுத்ததை மட்டும் குறைச்சுக்கோ. இத்தனை நாளா யாருக்கும் தெரியாம கொட்டறதுக்கு நீ எவ்வளவு சங்கடப்பட்டிருப்ப! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்தக் குரலில் கொஞ்சமாவது குத்தல் இருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். இருந்திருந்தால் அழுதாவது, சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். இல்லை. அவர் நிஜமாகவே அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.