அம்மை ஏறாத வள்ளம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மிச்சம் இரண்டும் செத்துப்போன என் நாத்தனார் பிள்ளைகள். ஆறு பேரில் ஒருவர்கூடச் சோற்றுக்கு இன்னொரு வீட்டு வாசலில் நின்றதில்லை. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி எழுத எனக்கு நேரமாகும். ஆகட்டுமே, கடல் கடந்து வந்து மகன் வீட்டோடு இருக்கிற இந்த ரவுண்ட் ராக்கில் எனக்கு என்ன அவசரம்.

கொஞ்ச நாளாகக் கடைசி மகன் வீட்டில் படகுப் பேச்சுத்தான். இங்கிருந்து மேற்கே காரில் அரை நாள் போனால் மரம் மட்டை இல்லாத பாலைவனம். அதற்கு நடுவே அணை கட்டித் தேக்கிய ஏரி. லீவு விட்டால் ஊரே அங்கேதான். போன கோடையில் வாடகைப் படகில் சுற்றி வந்தார்கள். அதிலிருந்து மகனுக்குச் சொந்தப் படகு வாங்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மகனும் மருமகளும் பேரன் பேத்தியும் என்னையும் கூட்டிக்கொண்டு படகுக் கடைக்குப் போனார்கள்.

அங்கே இரண்டு படகுகளில் வந்து நின்றது பேச்சு. ஒன்று மூக்கு நீண்ட வேகப் படகு. ஏணிக் கம்பியைப் பிடித்து, தண்ணீரிலிருந்து மேலே ஏற வேண்டும். மற்றதைப் பான்டூன் என்கிறார்கள். தட்டையாக, மேலே பந்தல் போட்டு, சுற்றிக் கம்பி அடைத்து, பக்கத்தில் சின்னக் கதவு வைத்திருந்தது. ஒரு வராந்தாவைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. யாரும் கை கொடுக்காமல் நானே கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"பான்டூன் இஸ் ஃபார் ஓல்ட் பீப்பிள்" என்றான் பேரன். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும்.

"வெயில் நூறு டிகிரிக்கு மேல போகும்ங்க, நிழல் வேண்டாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"லாங் வீக்கெண்டுல அந்த லேக் எப்படி இருக்கும்னு பார்த்தேல்ல? பக்கத்துல ஒருத்தன் ஸ்பீடா போனாலே அலை வந்து அடிக்கும். இது அலையை வெட்டிட்டுப் போயிரும்" என்று மகன் மூக்கு நீண்டதைத் தட்டிக் காட்டினான். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எதும்மா பிடிச்சிருக்கு?" என்றான்.

"எனக்கு என்னப்பா, பிள்ளைகளுக்கு எது பிடிக்கோ அதை வாங்கு. நான் கரையில இருந்துக்கிடுதேன்."

"அம்மாவுக்குத் தண்ணின்னா பயம்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, அவன் விலை பேசப் போய்விட்டான்.

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. எட்டு வயதில் நான் சொன்ன வார்த்தை அது.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்கு மேற்கே தேரிக்காட்டு ஓரம். அதுவும் ஒரு பாலைவனம்தான். செம்மணல், பனை, காற்று. ஐப்பசி மழை நன்றாகப் பெய்த வருஷம் மட்டும் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஏரி நிரம்பும். அக்கரையில் என்னைப் பெற்ற அம்மையின் பிறந்த வீடு. ஏரி நிரம்பினால் சுற்றித்தான் போக வேண்டும், பொழுது சாயும்வரை மணலில் கால் புதைய நடை. எங்கள் அய்யா, அதாவது தகப்பனார், அந்த வருஷம் வீட்டுக்கு ஒரு வள்ளம் வாங்குவது என்று முடிவு செய்தார். கருப்பட்டி மூட்டையும் ஏற்றலாம், தை மாதக் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பமாக அக்கரை அம்மன் கோயிலுக்கும் போகலாம்.

கடற்கரை ஆள் ஒருவர் மாட்டு வண்டியில் இரண்டு பழைய வள்ளங்களைக் கொண்டுவந்து மணலில் இறக்கினார். ஒன்று பக்கம் உயர்ந்து, முன்னால் சிவப்புச் சாயம் பூசியது. "கடல் பார்த்த வள்ளம் அண்ணாச்சி. கொடை அன்னைக்குப் பத்து வள்ளம் ஒண்ணா மோதினாலும் ஒரு சொட்டு உள்ள வராது" என்றார். மற்றது தட்டை. சாயம் கிடையாது. பார்க்க மாட்டுத் தொட்டி மாதிரி இருந்தது.

ஆண்கள் பேசிக்கொண்டிருந்தபோது அம்மை அந்தத் தட்டை வள்ளத்துக்குள் காலை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். கையிலிருந்த ஓலைக் கொட்டானைப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் ஒரு கையை வெளியே தொங்கவிட்டு, தண்ணீரை அளைவதுபோல் விரல்களை அசைத்தாள். கீழே வெறும் மணல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டு அம்மை சட்டென்று எழுந்து வெளியே வந்தாள்.

அய்யா கேட்கத்தான் செய்தார். "ஒனக்கு எது பிடிச்சிருக்கு?"

"எனக்கு என்ன, நீங்க எதை எடுத்தாலும் சரிதான். நான் கரையில இருந்துக்கிடுதேன்."

சிவப்பு மூக்கு வள்ளம் வீட்டுக்கு வந்தது. அது ஆழம் கேட்கிற வள்ளம். கரை வரைக்கும் வராது. முழங்கால் தண்ணீரில் நடந்து போய், மேலே இருக்கிற ஆள் கையைப் பிடித்துத் தூக்கத்தான் ஏற வேண்டும். என்னை ஒரே தூக்கு. கொடை நாளில் கரை முழுக்க ஜனம். சேலையைத் தூக்கிச் செருகி, அத்தனை பேர் பார்க்க ஒரு ஆம்பிளை கையைப் பிடித்து ஏறுவது என்பது அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நினைத்துப் பார்க்கக்கூட முடியாதது. அது புருஷன் கையாக இருந்தாலும் சரி. அம்மை பலகாரச் சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்புகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கரையில் அவளைப் பெற்றவள், எங்கள் ஆச்சி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வள்ளத்தில் ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். "ஒங்கம்மை வரலையாட்டி?"

"அம்மைக்குத் தண்ணின்னா பயம் ஆச்சி" என்றேன்.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுபிடித்த காரணம். எல்லோருக்கும் அது பொருத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அய்யா அதையே சொல்லிக் கேலி செய்தார். அம்மை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு யாரும் அவளை வா என்று கூப்பிடவும் இல்லை.

பங்குனியில் ஏரி வற்றியது. வெடித்த சேற்றின் மேல் நடந்தே அம்மை பிறந்த வீட்டுக்குப் போனாள். ஆச்சி அதற்குள் படுக்கையில் விழுந்திருந்தாள். "யாரு வந்திருக்கா?" என்று மகளைப் பார்த்துக் கேட்டாள். ஏழு நாளில் போய்விட்டாள்.

தண்ணீருக்குப் பயப்படுகிறவள் எதற்காக மணலில் உட்கார்ந்து தண்ணீரை அளைந்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து, கடையில் அந்தக் கம்பிக் கதவைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் தோன்றியது. எனக்கும் தண்ணீர் பயம் கிடையாது. ஏணியில் பேரன் கீழேயிருந்து தள்ள, மகன் மேலேயிருந்து இழுக்க, ஆறு பிள்ளைகளை வளர்த்தவள் மூட்டை மாதிரி ஏற மாட்டேன். அவ்வளவுதான். அதை வாய் திறந்து சொல்லவும் எனக்கு வராது. அம்மைக்கும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மகன் அந்த மூக்கு நீண்ட படகுக்கு அட்வான்ஸ் கட்டப் போகிறானாம்.

ஏட்டி பேத்தி, இங்கே வா. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் கிளாசுக்குப் போகிறாயே, இதை எனக்கு ஒருதரம் படித்துக் காட்டு, எழுதினது சரியா என்று பார்ப்போம். கடையில் இந்த ஆச்சி பந்தல் படகிலிருந்து கையை வெளியே தொங்கவிட்டதைப் பார்த்து நீ சிரித்தாயல்லவா, அதே மாதிரி நான் என் அம்மையைப் பார்த்துச் சிரித்த இடமும் இதில் இருக்கிறது. அவசரமில்லாமல் படி. கொஞ்சம் சத்தமாகவே படி. உங்கப்பா பக்கத்து ரூமில்தான் இருக்கிறான்.