இன்னும் ஒரு இழுப்பு

ஊசியில் தூண்டில் நரம்பைக் கோத்து, பழைய லைஃப் ஜாக்கெட் ஒன்றின் வாரில் பக்கிள் தைத்துக்கொண்டிருக்கிறாள் அக்கா. தைத்து முடித்ததும் ஜாக்கெட்டைக் காலால் மிதித்துக்கொண்டு வாரை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறாள். தாங்கினால் ஆணியில் மாட்டுகிறாள். தாங்காவிட்டால் பக்கிளைத் திட்டுகிறாள். "சோத்துக்குச் செத்தவன் மாதிரி கைய விடுறியே, ஒழுங்கா பிடி."

ஏரிக்கரையில் கயாக் வாடகைக்கு விடும் கொட்டகை அது. கால் நீட்டி உட்கார்ந்து இரட்டைத் துடுப்பால் தள்ளிப் போகும் ஒல்லிப் படகுகள் தம்பியுடையவை. கொட்டகையும் அக்கா குடியிருக்கும் மாடி அறையும்கூட அவனுடையவைதான். யார் தண்ணீரில் இறங்கலாம் என்பது மட்டும் அக்காவின் கையில். வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'இறுக்கி'. வாரை இழுத்துவிட்டு, "மூச்சு விட முடியுதுல்ல? அப்ப இன்னும் ஒரு இழுப்பு தாங்கும்" என்று மறுபடி இழுப்பாள். பெயர் அவள் காதிலும் விழுந்திருக்கிறது. பிடித்துத்தான் இருக்கிறது போல, மறுத்ததில்லை.

ஆட்களை அவள் பார்ப்பது தையற்கடைப் பார்வை. உயரம், நெஞ்சு, தொடை. முகம் கடைசியில்தான். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் ஆண்களிடம், "அண்ணே, மூச்ச விடுங்க. மீனுங்க உங்க வயித்தப் பாத்து ஒண்ணும் சொல்லாது" என்பாள். பெரியவர்களுக்கு நெஞ்சளவு, குழந்தைகளுக்கு எடை. வளர்ந்தாலும் ஆகும் என்று பெரிதாகக் கேட்கும் தாய்மார்களிடம் மட்டும் குரல் ஏறும். "இது பள்ளிக்கூடச் சட்டையாம்மா, அடுத்த வருஷத்துக்கும் சேத்துத் தைக்க?"

துடுப்பை நிமிர்த்தி நிறுத்தி, கையை உயர்த்தி அதன் நுனியில் விரல்களை மடக்கச் சொல்வாள். எட்டவில்லையென்றால் வேறு துடுப்பு. பெரியது எடுத்தால் வேகமாகப் போகலாமே என்றால், "போலாம். திரும்பி வரப்போ தோள்பட்டை ஒரு படகுல, நீங்க ஒரு படகுல." எல்லாம் முடிந்ததும் பின்னால் போய் நின்று, தோள் வார்கள் இரண்டையும் பிடித்து மேலே தூக்குவாள். ஜாக்கெட் ஏறி வந்து காதைத் தொட்டால் கழற்ற வேண்டியதுதான். எனக்கு நீச்சல் தெரியும் என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. "உங்களுக்குத் தெரியும், சரி. பாறையில மண்டை இடிச்சு மயங்கிட்டா, உங்க கைகாலுக்குத் தெரியுமா?"

காற்றுக்கு அவள் வானத்தைப் பார்ப்பதில்லை, துணிக்கொடியைப் பார்க்கிறாள். காயும் ஜாக்கெட்டுகள் ஒன்றையொன்று முட்ட ஆரம்பித்தால் ஷட்டரை இறக்கிவிடுவாள். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் சரி.

போட்டோவில் ஆரஞ்சு ஜாக்கெட் மூட்டை மாதிரி தெரிகிறது என்று ஆட்கள் எதிர்க்கரையில் இருக்கும் இன்னொரு படகுக் கொட்டகைக்குப் போகத் தொடங்கியதும், தம்பி ஒரு பெட்டி புது ஜாக்கெட் இறக்கினான். மெல்லிசு, வான நீலம், எல்லோருக்கும் ஒரே அளவு. பெட்டி பிரித்த அன்றே அக்கா ஒன்றைப் போட்டுக்கொண்டு மரப்பாலத்திலிருந்து ஏரியில் குதித்தாள். அவள் கீழே போக, ஜாக்கெட் மேலே வந்தது. மேலே எழுந்தபோது வாயும் மூக்கும் ஜாக்கெட்டுக்குள் இருந்தன. தண்ணீரைத் துப்பிக்கொண்டு கரையேறி, அதைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மறுநாள் கத்தரியை எடுத்தாள். பழையவற்றில் உடைந்த பக்கிள்களுக்குப் பதிலாக நீலத்தில் இருந்தவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இன்று தம்பி உள்ளே வந்து மூலையில் கிடக்கும் நீலக் குவியலைப் புரட்டுகிறான்.

"அக்கா, இதுல பக்கிள்லாம் எங்க?"

"பழசுல இருக்கு. பக்கிள் மட்டும் நல்ல சரக்குடா. அதக் குத்தம் சொல்ல மாட்டேன்."

"புதுச வெட்டிப் பழசத் தைக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"நல்லாப் பாத்துக்க."

மேஜைமேல் இன்னும் வெட்டுப்படாத நீலம் ஒன்று கிடக்கிறது. தம்பி அதை எடுத்துப் போட்டு, பக்கிளை மாட்டி, மார்பை நிமிர்த்தி நிற்கிறான். "இப்ப சொல்லு, என்ன குறை இதுல?"

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து அவன் பின்னால் போகிறாள். ஜாக்கெட்டின் தோள்களைப் பிடித்துத் தூக்குகிறாள். முதலில் அவன் காது மறைகிறது, அப்புறம் மூக்கு, அப்புறம் கண்ணாடி.

"விடுக்கா!" குரல் பானைக்குள்ளிருந்து வருகிறது.

"ஏரி தெரியுதாடா உள்ள இருந்து?"

விட்டதும் அவன் கழற்றி மேஜையில் எறிகிறான். தலைமுடி குத்திட்டு நிற்கிறது. "நீ தூக்குனா எதுதான் ஏறாது? ஞாயித்துக்கிழமை வர்ற ஆபீஸ் கூட்டம் நான் அனுப்புன போட்டோவுல நீலத்தப் பாத்துட்டுத்தான் வருது. அவங்களும் எதிர்க்கரைக்குப் போனா ஷெட்ட மூட வேண்டியதுதான். நீ வெட்டுனதுலயெல்லாம் மறுபடி பக்கிளத் தைச்சு நீலத்தையே குடு. முடியாதுன்னா கவுன்டர்ல என் பொண்டாட்டி நிக்கட்டும். மாடி ரூமையும் காலி பண்ணிக் குடுத்துரு." பேச்சு அவனுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும், குரலை இறக்குகிறான். "சொல்லுக்கா. குடுப்பியா, மாட்டியா?"

அக்கா கத்தரியை எடுக்கிறாள். அவன் எறிந்த நீலத்திலிருந்து கடைசிப் பக்கிளையும் அவன் கண்ணெதிரே வெட்டி, நூல் டப்பாவில் போட்டு மூடுகிறாள். சற்றுமுன் தைத்த ஆரஞ்சு ஜாக்கெட்டை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். தைத்ததையெல்லாம் ஏரியில் குதித்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பது அவள் வழக்கம்.

"உன்னத்தான் கேக்குறேன். குடுப்பியா, மாட்டியா?"

வாரை இழுத்து இறுக்குகிறாள். வாசற்படியில் ஒரு கணம் நின்று, இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு மரப்பாலத்தை நோக்கிப் போகிறாள்.