மேடை ஏறிய பை

ஹசிந்தாவுக்குச் சொந்தமாகக் கைப்பை என்று ஒன்று இருந்ததில்லை. பாத்தாக் ஊர்ச் சந்தையில் பூண்டுச் சரம் பின்னி விற்கிறவளுக்கு அது எதற்கு? காசு இடுப்பில், மற்றதெல்லாம் கூடையில். ஆனால் மகள் மரிகார் பள்ளிப் படிப்பு முடிக்கிற விழாவில் பதக்கம் வாங்கப்போகிறாள் என்று தெரிந்ததும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது. அந்த ஊர்ப் பள்ளிகளில் பதக்கத்தை வாத்தியார் போடமாட்டார். பெற்றவர்தான் மேடையேறிப் பிள்ளையின் கழுத்தில் போட வேண்டும். கூடையோடு மேடை ஏற முடியுமா?

மரிகாரைப் பெற்றவள் ஹசிந்தா இல்லை. அவள் தங்கை எர்லிண்டா. பால்குடி மறப்பதற்குள் பிள்ளையை அக்காவின் மடியில் போட்டுவிட்டு ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனவள். புருஷன் அதற்கும் முன்பே போய்விட்டான். அவனை யாரும் தேடவில்லை. 'அம்மா' என்றால் ஹசிந்தா, 'மம்மி' என்றால் போனில் தெரிகிற முகம் என்றுதான் அந்த வீட்டில் பேச்சு. மேடையேறப் போவது அம்மாதான் என்று மரிகாரே வருஷக்கணக்காகச் சொல்லிவந்தாள்.

மம்மி அனுப்பும் பெட்டியில் சோப்பும் சாக்லேட்டும் வரும். கூடவே முதலாளி வீட்டுப் பிள்ளைகள் கழித்துப்போட்ட கம்பளிச் சட்டைகளும் வரும். வியர்த்துக் கொட்டுகிற ஊருக்குக் கம்பளி! டிசம்பரில் விடியும் முன்னே நடக்கும் கிறிஸ்துமஸ் பூசைகளுக்கு மட்டும் பிள்ளை அதைப் போட்டுக்கொள்வாள். அளவு பற்றாமல் போனதும் ஹசிந்தா பிரிக்க உட்காருவாள். எதிரே மரிகார் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருக்க, பிரிந்த நூல் அந்தக் கைகளில் சுற்றிக்கொண்டே வரும்.

"ஆடாதடி குரங்கே, சிக்கு விழுது."

"மூக்கு அரிக்குதும்மா!"

"அரிச்சா அரிக்கட்டும். மூக்கு எங்க போயிடும்?"

நூலை நனைத்து, சுருக்கம் நீங்கக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, உருண்டையாக்கி பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. இப்போது தெரிந்தது.

பை பின்னுவதற்குக் குரோஷா ஊசியை எடுத்தாள். நடுவில் ஒரு வளையம், சுற்றிலும் மூன்று மூன்றாகப் பின்னல், நாலு மூலை, ஒரு சதுரம். நடுவில் மஞ்சள், அது மரிகார் அம்மை போட்டு எழுந்த வருஷத்துச் சட்டை. சுற்றிலும் பச்சை, அது ஆற்றில் விழுந்து பிழைத்த வருஷம். இப்படிச் சதுரம் சதுரமாக ஒரு பிள்ளையின் வயது முழுவதும் சேர்ந்தது.

"பூண்டு வாடையில தலைமையாசிரியர் மயங்கி விழப்போறாரு பாரு" என்றாள் பக்கத்துக் கடை லூமிங்.

"விழட்டும். நான் எம்பொண்ணுக்குப் பதக்கத்தைப் போட்டுட்டு வந்து தூக்கி விடறேன்."

விழாவுக்கு முந்தின நாள் எர்லிண்டா வந்து இறங்கினாள்.

"ஏன்டி, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா அப்புறம் என்னக்கா சர்ப்ரைஸ்?"

மரிகார் வீடு அதிரக் கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மேடை ஏறப்போவது யார் என்று அதற்குமேல் யாரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? பெற்றவள் வந்துவிட்டாள்.

ஆனாலும் ஹசிந்தா பையை விடவில்லை. மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார்ந்துகூடக் கைப்பிடியின் கடைசி வரிசையைப் பின்னிக்கொண்டிருந்தாள். கடைசிக் கண்ணி ஊசியில் நின்றபோது எர்லிண்டா குனிந்து பார்த்தாள்.

"அக்கா, என் தோல் பை இந்த கவுனுக்கு எடுப்பாவே இல்ல. அந்தப் பின்னல் பையைக் குடேன், போட்டோல நல்லா விழும்."

ஹசிந்தா மரிகாரைப் பார்த்தாள். அவள் தொப்பிக் குஞ்சத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "குடும்மா. மம்மி நாலு நாள்ல போயிடுவாங்க. நீ எப்பவும் இங்கதான இருக்க?"

ஹசிந்தா ஊசியை உருவிக்கொண்டு பையை நீட்டினாள். கடைசிக் கண்ணி திறந்தே கிடந்தது. நுனி நூலை அதற்குள் விட்டு இறுக்காதவரை குரோஷா பின்னல் நிற்காது. எதிலாவது மாட்டி இழுபட்டால் போதும், கைப்பிடி மடமடவென்று பிரிந்து மேடையிலேயே பை விழுந்துவிடும். தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. விழட்டுமே என்றுதான் இருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். எர்லிண்டா எழுந்தாள்.

"நில்லுடி."

எர்லிண்டாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஹசிந்தா அவள் தோளில் தொங்கிய பையைப் பிடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, நுனியைக் கண்ணிக்குள் விட்டு இறுக்கினாள்.

"முடிச்சுப் போடல, அதான். இப்ப போ."

தங்கையின் தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேடையில் மரிகாரின் கழுத்தில் பதக்கம் ஏறியது. தலைமையாசிரியர் பையைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். எர்லிண்டா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவர் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பி, "இந்தப் பையைப் பாருங்க! ஒரு தாய் தன் கையால பின்னினது!" என்றார். மண்டபம் கைதட்டியது. ஹசிந்தாவும் தட்டினாள், தட்டாமல் இருந்தால் ஊர் பார்க்கும்.

வெளியே எம்பனாடாப் பலகாரக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். எர்லிண்டா பையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இதை நான் எடுத்துட்டுப் போறேன்க்கா. அங்க இருக்கறவளுங்க பார்த்தா பொறாமையில சாவாளுங்க."

"எடுத்துக்கோங்க மம்மி" என்றாள் மரிகார். "அம்மா வேற ஒண்ணு பின்னிக்கும்."

"எந்த நூல்லடி பின்றது?" என்று கேட்டாள் ஹசிந்தா.

மரிகார் எம்பனாடாவைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, கடையில கிடைக்காத கலரா?"