ரிவர்ஸ் கியர் இல்லாத கார்

அந்தக் காரை நான் முதலில் பார்த்தபோது அதன் மேல் சுக்கு மூட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எழுபதுகளின் பிற்பாதி அது. கொச்சியின் மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனை ஒட்டிய ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். வெளிநாட்டுக் கடிதங்களை அடிப்பது, சாம்பிள் சரக்கைச் சின்னத் தகர டப்பாக்களில் அடைத்து லேபிள் ஒட்டுவது, இவ்வளவுதான் வேலை. காலி டப்பா தேடிக் கிடங்கின் பின்கட்டுக்குப் போன ஒரு நாள், மூட்டைகளுக்கு நடுவே பச்சை நிறத்தில் ஏதோ உருண்டையாகத் தெரிந்தது.

சுற்றிச் சுற்றி வந்தேன். வாத்து முட்டைக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்றே ஒன்று. இந்தப் பக்கமும் கதவில்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"இதுக்குள்ள எப்படி ஏறுவாங்க, சேட்?" என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் குஜராத்தி, ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரி. சிரித்துக்கொண்டே வந்து, முன்பக்கக் கைப்பிடியைத் திருகி இழுத்தார். காரின் முகமே மொத்தமாகத் திறந்துகொண்டது. ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து வெளியே நகர்ந்து வழிவிட்டது. எனக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

வெலிங்டன் தீவில் கப்பல் கம்பெனியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்ததாம். ஊர் திரும்பும்போது சேட்டின் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிறகு என்ஜின் இறுகிப்போய், கார் மூட்டைகளைச் சாய்க்கிற முட்டு ஆகிவிட்டது.

அதன் பெயர் இசெட்டா. பெயர் தெரிந்ததும் அதை விட மனமில்லை. வாசகசாலையில் பழைய ஆங்கில மோட்டார் பத்திரிகைகளைத் தைத்து அடுக்கி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் போய் அவற்றைப் புரட்டினேன். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரே பெண் நான்தான். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். நல்லதாகப் போயிற்று, எனக்கு இடம் கிடைத்தது.

யுத்தம் முடிந்த ஐரோப்பாவில் பெட்ரோலும் இல்லை, இரும்பும் இல்லை, சனங்கள் கையில் காசும் இல்லை. அப்போது இத்தாலியில் ஃபிரிட்ஜ் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிதான் இந்தக் காரை யோசித்திருக்கிறது. முன்பக்கக் கதவைப் பார்த்தபோதே எனக்கு ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது தப்பில்லை. பிறகு ஜெர்மனிக்காரர்கள் உரிமை வாங்கி, மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பொருத்தி ஆயிரக்கணக்கில் விற்றார்கள். இங்கிலாந்தில் இதைச் செய்த தொழிற்சாலைக்குச் சரியான ரோடே கிடையாது. பழைய ரயில்வே பட்டறை அது. சாமான்கள் ரயிலில் வந்து, கார்கள் ரயிலிலேயே போயின. அங்கே மூன்று சக்கரம் வைத்து, ரிவர்ஸ் கியரையும் எடுத்துவிட்டால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதும். அதனால் அப்படியே செய்தார்கள். சுவரை முட்ட நிறுத்திவிட்டால் கதவையும் திறக்க முடியாது, பின்னாலும் எடுக்க முடியாது.

பெரிய கார்க்காரர்கள் இதைப் பார்த்துக் கேலி செய்தார்கள் என்றும் எழுதியிருந்தது. எனக்கு அந்தக் கார் இன்னும் பிடித்துப் போனது.

ஃபோர்ட்டு கொச்சியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வருஷாவருஷம் கைவேலைக் கண்காட்சி நடக்கும். மாடல்கள் பகுதியில் கப்பல், ரயில் என்று ஆண்கள் செய்தவை இருக்கும். பெண்களுக்கு எம்பிராய்டரியும் துணிப் பொம்மையும். இந்த வருஷம் நான் மாடல் வைக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். "பொம்பள காரு செய்றான்னு ஊரே சிரிக்கும்" என்றார்.

"சிரிக்கட்டும்."

"சொன்னா கேக்க மாட்டியா?"

"இந்த விஷயத்துல கேக்க மாட்டேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மூலையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மதினி, அவருடைய அக்கா, மெஷினை நிறுத்தினார். புருஷன் அடித்தான் என்று அந்த மெஷினோடு பஸ் ஏறி வந்தவர். சமாதானம் பேச வந்தவர்களையெல்லாம் சாயா கொடுத்துத் திருப்பி அனுப்பியவர். "அளவு எடுக்க டேப்பு வேணுமா?" என்று கேட்டார்.

மதினியின் தையல் டேப்பால் காரை அங்குலம் அங்குலமாக அளந்தேன். எட்டில் ஒரு பங்கு என்று கணக்கு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். பாக்கிங் பெட்டிப் பலகையை ஒட்டிச் செதுக்கி அச்சு செய்தேன். அதன் மேல் காகிதத்தைப் பசை தடவி அடுக்கு அடுக்காக ஒட்டி, காய்ந்ததும் அறுத்து எடுத்து, உப்புத்தாளால் தேய்த்தேன். அடிச்சட்டம் சாம்பிள் டப்பாத் தகரம். ஜன்னலுக்கு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சலவைச் சோடாவில் ஊறவைத்துக் கழுவி, வெந்நீரில் முக்கி டம்ளரைச் சுற்றி வளைத்தேன். டயர் ரப்பர் செருப்பிலிருந்து வந்தது. ஹெட்லைட்டுக்குக் கண்ணாடிப் பொத்தான் மதினி கொடுத்தார்.

கதவுதான் உயிரை எடுத்தது. திறந்தால் ஸ்டியரிங்கும் கூட வரவேண்டும், ஆனால் முன்சக்கரத்தோடு அதன் தொடர்பு அறுந்துவிடக் கூடாது. கம்பி வைத்தேன், ஒடிந்தது. நூல் வைத்தேன், தொய்ந்தது. கடைசியில் பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கைப் பற்றவைத்தேன். கதவைத் திறந்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பியது. "மதினி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் மதினியும் பெட்டியோடு போனோம். செயலாளர் கப்பல் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளத்தில்தான் பேசினார், நானும் அப்படித்தான்.

"பொம்மையெல்லாம் அந்தப் பக்கம் மோளே."

"இது பொம்மை இல்ல சார். மாடல்."

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "முன்னால கதவு, பின்னால ஒத்தச் சக்கரம். இப்படி ஒரு காரா? இருக்கிற ஒண்ணைப் பார்த்துச் செய்றதுதான் மாடல். மனசுல தோணினதைச் செஞ்சா அது பொம்மை."

"கார் இருக்கு சார். பக்கத்துல, ஜூ டவுன்லதான். வாங்க, காட்டுறேன்."

"சாயங்காலம் நடுவர்கள் வராங்க. எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல."

"அப்ப அதை இங்க கொண்டுவரேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மாடலை அவருடைய மேஜையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சேட் கிடங்கின் மாடியில்தான் குடியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "எடுத்துட்டுப் போ. திரும்பி வந்தாலும் சரி, வராட்டாலும் சரி" என்று சாவியைக் கொடுத்தார். மூட்டைகளை நகர்த்தினோம். முன் டயர்களில் அடித்த காற்று நின்றது. பின் டயர் கந்தல். மதினி கிடங்கில் கிடந்த கயிற்று நாரை அள்ளி அதற்குள் திணித்துத் திணித்து, உருளும்படி ஆக்கினார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஓடாத கார்தான மதினி. நேராப் புடிங்க, போதும்."

தள்ளினேன். ஒரு ஆள் தள்ளினாலும் நகரும் கார் அது, மெதுவாக. பஜார் ரோட்டில் சாயாக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் "சேச்சி, இது என்ன, ஹெலிகாப்டரா?" என்றார். "றெக்கை வீட்ல இருக்கு" என்று மதினி உள்ளேயிருந்து பதில் கொடுத்தார்.

குறுகலான இடத்தில் எதிரே மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டி வந்தது. இரண்டும் ஒன்றாகப் போக வழியில்லை. வண்டிக்காரர் கையை வீசினார். "பொறகோட்டு எடுக்கு சேச்சி!"

மூச்சு வாங்க நிமிர்ந்து நின்றேன். "இந்தக் காருக்கு ரிவர்ஸ் கியரே கிடையாது சேட்டா."

"தள்ளிக்கிட்டுத்தானே வர்றீங்க? இழுத்தாப் பின்னால போகாதா?"

"போகும். ஆனா போக மாட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், உள்ளே கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மதினியையும் பார்த்தார். பிறகு கூட்டாளியைக் கூப்பிட்டுக் கைவண்டியை ஒரு கிடங்கு வாசலுக்குள் ஒதுக்கினார். அதோடு விடவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு வந்து அவர்கள் இரண்டு பேரும் பின்னால் கை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தை நெருங்கும்போது எங்களோடு ஒரு ஊர்வலமே வந்துகொண்டிருந்தது.

முற்றத்தில் கார் நின்றதும் ஹால் காலியானது. நடுவராக வந்திருந்த காலேஜ் வாத்தியார் ஒருவர் முன்கதவைத் திறந்து மூடினார். உள்ளே போய் என் மாடலின் கதவைத் திறந்து மூடினார். பிறகு டேப் கேட்டு வாங்கி, இரண்டையும் அளந்தார். "சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். செயலாளர் மாடல்கள் மேஜையில் ஒரு பாய்மரக் கப்பலை நகர்த்தி இடம் செய்தார்.

பரிசு நேரத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதல் பரிசு அந்தக் கப்பலுக்கு. எனக்கு, பெண்களுக்கான சிறப்புப் பரிசு என்று அங்கேயே அறிவித்து, எவர்சில்வர் குடம் ஒன்றை நீட்டினார்கள்.

"கப்பல் செஞ்சவருக்கு ஆண்கள் பரிசுன்னா கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

செயலாளர் குடத்தை என் கையில் திணித்தார். நான் தொடர்ந்தேன், "மாடல் மேஜையில எனக்கு மூணாவது இடம் கிடைச்சாலும் வாங்கிப்பேன். கிடைக்கலைன்னாலும் சரி. இது வேண்டாம்." குடத்தை மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அந்தக் கைவண்டிக்காரர்தான்.

"குடம் நல்ல கனம்டி" என்று மதினி முணுமுணுத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

காரைத் திருப்பிக்கொண்டு போகும்போது படகுத் துறைப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் வேகமாக வந்தார். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்ம் கூட மாற்றவில்லை. துறைமுகத்திலிருந்து வருகிற படகிலேயே அவருக்குச் சேதி எட்டிவிட்டது.

"ஊரே சிரிக்குது" என்றார்.

"தெரியும்."

கொஞ்ச நேரம் கூடவே நடந்தார். பிறகு தோளைக் காரில் கொடுத்து, "அந்தப் பக்கம் புடி, சாயுது" என்றார். கிடங்கு வரைக்கும் அவர்தான் தள்ளினார்.

எண்பதுகளின் நடுவில் பம்பாயிலிருந்து பழைய கார் சேர்க்கிற ஒருவர் வந்து இசெட்டாவை வாங்கினார். லாரியில் ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். மாடல் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கே வந்தார், கதவைத் திறந்து பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"காரும் இதுவும் ஒரே இடத்தில் இருந்தால்தானே அழகு? என்ன வேண்டுமோ கேளுங்கள்" என்றார்.

"ஒண்ணும் வேணாம். கார் உங்களுது. இது என்னுது."

அவர் போன பிறகும் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. வீட்டுக்கு வருகிற பெண்பிள்ளைகள் அந்தக் கதவைத் திறக்காமல் இருப்பதில்லை. கீல் தேய்ந்தால் மாற்றுகிறேன்.