காய்ச்சலைச் சொல்லாத நர்ஸ்

எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸை எனக்குப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. பதினெட்டு வருடமாகத் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'திருப்பிச் சொல்லு'. மாதம் ஒருமுறை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பெஞ்சில் உட்கார வைத்து, எந்தத் தடுப்பூசி எந்த நோய்க்கு, எத்தனையாவது வாரத்தில் என்று பாடம் நடத்துவாள். முடிந்ததும் ஒவ்வொருத்தியாக விரலை நீட்டி, "திருப்பிச் சொல்லு" என்பாள். ஏழு மாத வயிற்றோடு எழுந்து நின்று நானும் ஒப்பித்திருக்கிறேன். ஒரு நோய் விட்டுப்போனாலும் உட்கார விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இப்படி மானம் போனதில்லை.

அவ்வளவு சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதத்தில் என் மகனுக்கு முதல் ஊசி போட்டாள். அன்று சாயங்காலமே உடம்பு அனலாய்க் கொதித்தது. தொடை வீங்கி, தொட்டாலே வீலென்று கத்தினான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு நாளில் காய்ச்சல் தானாக இறங்கியது. என் கோபம் இறங்கவில்லை. அவள் தெருவுக்கு வந்ததும் வாசலிலேயே மறித்தேன்.

"பச்சைப் பிள்ளைக்கு என்னத்தைக் குத்தின? மருந்தா, விஷமா?"

"ஊசி போட்டா சில பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வரும்மா. ரெண்டு நாள்ல போயிடும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

பெட்டியைக் கீழே வைத்தாள். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல சொன்னேன். ஒரு தெரு முழுக்கக் கதவைச் சாத்திட்டாங்க. அப்புறம் சொல்றதை விட்டுட்டேன். தப்புதான்."

தப்புதானாம்! தெருவையே கூட்டி அவளை நாறடித்தேன். நிறைமாதமாக இருந்த என் தம்பி மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "இவளை நம்பி உன் பிள்ளையைக் கொடுத்துடாதே" என்று அவளுக்கும் ஏற்றிவிட்டேன். இரண்டரை மாத ஊசிக்கு நான் போகவில்லை. நர்ஸ் மூன்று முறை வந்து கதவைத் தட்டினாள். உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை.

பிறகு பின்தெருவில் ஒரு குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தது. ஊசியே போடாத குழந்தை. முகம் நீலமாகும்வரை இருமி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்றார்கள். கேட்டதும் மகனைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினேன்.

ஊசி போட்டு வா என்று தம்பி விரட்டி அனுப்பியதால், அவன் மனைவியும் இரண்டு மாத மகளோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் என்னை முறைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "காய்ச்சல் வரலாம். தொடை வீங்கலாம். நிறைய அழும். பயமா இருந்தா எந்நேரமும் கூப்பிடுங்க."

தம்பி மனைவி குழந்தையை வாரிக்கொண்டு எழுந்து நடந்தாள்.

"அவ போறா சிஸ்டர், கூப்பிடுங்க!" என்றேன்.

"நான் கூப்பிட்டா வரமாட்டா. அவ மனசைக் கெடுத்தது நீ. நீயே கூப்பிடு."

வாசல் கேட் அருகில் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன்.

"விஷமான்னு கேட்டதும் நீங்கதான் அண்ணி, போட்டுக்கோன்னு கூப்பிடறதும் நீங்கதான். நான் எதை நம்பட்டும்?"

எனக்கு ஆத்திரம்தான் வந்தது, அவள் மேல், நர்ஸ் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் வாயின் மேல்.

"இவனுக்கு இப்பவே போடறேன். காய்ச்சல் வந்தா வரட்டும். நீ கூடவே இருந்து பாரு. தேறிட்டான்னா உன் பிள்ளையைக் கொண்டு வா."

வந்தாள். இரண்டு நாளும் என் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, காய்ச்சல் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தாள். மூன்றாம் நாள் அவன் பழையபடி காலை உதைத்துச் சிரித்தான்.

அடுத்த ஊசி நாளில் இருவரும் போனோம். நர்ஸ் மருந்தை ஏற்றினாள். தம்பி மனைவி மகளை என் மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன் அண்ணி."

"விடாதே" என்று சொல்லி, அந்தச் சின்னத் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.