துரைக்கு வைத்த வடை

போன சனிக்கிழமை சிட்னியின் பரமட்டாவில் ஒரு பழைய சாமான் கடைக்குள் மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கியவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துவிட்டேன். அடர்ந்த பெரிய மீசை, நெஞ்சு நிறையப் பதக்கங்கள், எதிரே நிற்பவனை அதட்டும் கண்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியத்தின் புகழ்பெற்ற படைத் தளபதி. முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டியில் நம்மை நோக்கி விரலை நீட்டுவாரே, அவரேதான். கீழே ஒரு பழைய பிஸ்கட் டின்னிலும் அவர் முகம்தான் இருந்தது.

கடையின் ஈரக் கம்பள வாடை என்னை நேராக நார்த்மீட் வீட்டில் கொண்டுபோய் விட்டது. சிட்னிக்கு வந்த புதிதில் நானும் சிவநேசன் அண்ணனும் அங்கே வாடகைக்கு இருந்தோம். நான் மதுரையிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவன். அவர் இலங்கையிலிருந்து படகில் வந்து, விசா முடிவுக்குக் காத்திருந்தவர். வீட்டுக்காரி வயதான வெள்ளைக்கார அம்மாள். ஹாலில் இதே தளபதியின் படம் பெரிய சட்டத்துக்குள் தொங்கியது. தன் அப்பா மாட்டிய படம், அதைக் கழற்றக் கூடாது என்பது அந்த அம்மாளின் ஒரே நிபந்தனை. வாடகை குறைவு, எமனையே மாட்டியிருந்தாலும் நான் சம்மதித்திருப்பேன். தளபதிக்குத் துரை என்று பெயர் வைத்தேன். சாம்பார் அடிபிடித்தால் துரை முறைக்கிறார் என்பேன். அந்த நாளில் என் நகைச்சுவை அவ்வளவுதான். இப்போதும் பெரிதாக முன்னேறிவிடவில்லை.

அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார். ஒருநாள் சமையலறையிலிருந்து தேநீரோடு வந்தவர் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"அப்பாவின்ர முகம் மறந்து போச்சு தம்பி. மீசை மட்டும்தான் ஞாபகம். தூக்கி வச்சிருக்கேக்க கன்னத்தில குத்தும். இவரைப் பாக்க அப்பா மாதிரிக் கிடக்கு."

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா போரில் இறந்துபோனார். வீடு எரிந்ததில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. ராணுவத்துக்குப் பயந்து கடல் தாண்டிய மனிதர் ஒரு ராணுவத் தளபதியிடம் அப்பாவைத் தேடினார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

அப்பாவின் திவசத்தன்று அவரே சட்டத்தைத் துடைத்து மாலை போட்டார், இலை போட்டுப் படைத்தார். நான் இந்தியக் கடைகள் இருக்கும் ஹரிஸ் பார்க் போய் வடை வாங்கி வந்தேன். சாப்பிட வந்திருந்த, அண்ணனுக்குத் தெரிந்த ஆன்ட்டி ஒருவர், அப்பா நல்ல கம்பீரமான ஆள் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். பதக்கங்களை மாலை மறைத்திருந்தது. அடுத்தடுத்த வருடங்களிலும் அப்படியே நடந்தது. வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் படத்தைப் பார்த்து "போட்டு வாறன்" என்று விடைபெறுவார். நானும் கேலியை விட்டுவிட்டு, அப்பா படத்தில் ஒட்டடை படிந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

பிறகு கனடாவிலிருந்த அவருடைய மாமி, யாருடைய கல்யாண ஆல்பத்திலிருந்தோ அப்பாவின் நிஜமான படத்தைத் தேடிப் பிடித்துப் போனுக்கு அனுப்பினார். ஒல்லியான மனிதர். மெல்லிய மீசை. கேமராவைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தலையைச் சாய்த்திருந்தார். அண்ணன் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்கும் காட்டினார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. சில நாள் கழித்து, ஹாலில் இருந்த துரையின் படத்தைக் காட்டிச் சொன்னார்.

"கண்ணை மூடினா உந்த மனுசன்தான் வாறார் தம்பி. அப்பா வாறாரில்லை. இருந்த கொஞ்சத்தையும் துலைச்சுப்போட்டன்."

இரண்டு பேருமாகப் படத்தைக் கழற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பி அலமாரிக்குப் பின்னால் வைத்தோம். வீட்டுக்கார அம்மாளின் நிபந்தனை அன்றைக்கு எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கொஞ்ச நாளில் அண்ணன் மெல்பர்ன் போய்விட்டார், ட்ருகனினாவில் ஒரு கிடங்கு வேலைக்கு. ஆரம்பத்தில் அடிக்கடி போனில் பேசினோம். பிறகு பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, அப்புறம் அதுவும் நின்றுபோனது. அந்த அம்மாள் இறந்துவிட்டார். வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஒட்டினாற்போல இரண்டு புது வீடுகள் கட்டிவிட்டார்கள்.

கடைக்காரப் பெண் பக்கத்தில் வந்து, படத்தில் இருப்பவரைத் தெரியுமா என்று கேட்டாள். என் நண்பருடைய அப்பா என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மழை விட்டிருக்கவில்லை. போனில் பார்த்த அந்த ஒல்லி மனிதரை நினைத்துப் பார்த்தேன். மெல்லிய மீசை, சாய்ந்த தலை என்றெல்லாம் சொல்லத் தெரிகிறது. முகம் வரவில்லை. எத்தனை முயன்றும் துரைதான் வந்தார்.