டெல்ஃபியா அண்ணியின் சின்னத் துப்பாக்கி

1988-ஆம் வருஷம் அக்டோபரில், என் அண்ணன் லான்சோவின் மனைவி டெல்ஃபியாவுக்கு வயிறு சரியில்லை என்று ஸ்டில்ஹவுஸ் ஓடைக்கரை முழுக்கப் பேசினார்கள். அண்ணியின் வயிற்றில் ஒன்றும் இல்லை. அது அண்ணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லாததற்காக என்னைத் திட்டியவர்கள் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். திட்டட்டும்.

அண்ணி பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம். அவருடைய அப்பா மரம் வெட்டுகிறவர். கண்ணில் மரத்தூள் விழுந்து விழுந்து பார்வை மங்கிப்போனதால், வீட்டுத் துப்பாக்கி ஒன்பது வயதிலேயே அண்ணியின் கைக்கு வந்தது. அது இருபத்திரண்டு என்று சொல்கிற ரகம். எங்கள் பக்கத்துக் கடைகளில் அதைவிடச் சின்னக் குழல் கிடையாது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். அதன் ஈயக்குண்டு ஒரு பட்டாணி அளவு இருக்கும். காலையில் அப்பா நான்கு தோட்டா கொடுப்பார். சாயங்காலம் நான்கு அணில் வரவேண்டும், இல்லையென்றால் மிச்சத் தோட்டா திரும்ப வரவேண்டும். இரண்டும் வராத நாளில் அவர் திட்டமாட்டார். சாப்பிடும்போது பேசாமல் இருப்பார். அதற்குப் பயந்துதான் அண்ணி அணிலுக்குக் கிட்டே போய்ச் சுடக் கற்றுக்கொண்டார்.

பதினேழு வயதில் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றும் இரும்புச் சட்டி ஒன்றும் அந்தத் துப்பாக்கியும் கொண்டுவந்தார். என் அம்மாவுக்குப் போர்வையும் சட்டியும் பிடித்திருந்தன. மூன்றாம் நாள், மோர் வைக்கும் அறையில் ஜாடியைச் சுற்றிக்கொண்டு கிடந்த பாம்பை அண்ணி சுட்டார். ஜாடி உடையவில்லை. அதற்குப் பிறகு அம்மா துப்பாக்கியையும் ஏற்றுக்கொண்டார்.

நிலக்கரித் தூள் நெஞ்சில் அடைத்து லான்சோ அண்ணன் போய்ச் சேர்ந்தபோது அண்ணிக்கு முப்பத்தைந்து வயது. ஒரே மகன் பர்ல் வளர்ந்ததும், இங்கிருந்து எல்லாரும் போகிற மாதிரி ஓஹையோவுக்குப் போனான், டேட்டனில் கார் தொழிற்சாலை வேலைக்கு. அண்ணி கோழிகளோடு இருந்துவிட்டார். முப்பத்திநான்கு கோழி, வரிவரியாய்ச் சாம்பல் நிறம். மலைச்சரிவை வெட்டி எடுத்த இடத்தில், ஆள் உயர மண்சுவரை ஒட்டிக் கொட்டகை. கோழி திருட ரக்கூன் வந்தால் சுடுவார், நரி வந்தால் சுடுவார். எதைச் சுட்டாலும் குண்டு போய் மண்சுவரில் சொருகிக்கொள்ளும். ஓடையின் பக்கமாக மட்டும் அவர் குழலைத் திருப்பியதே இல்லை. அந்தப் பக்கம் என் வீடு இருக்கிறது.

அப்புறம்தான் கயோட்டிகள் வந்தன. நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சின்னது. எங்கள் பாட்டன் காலத்தில் இந்தக் கென்டக்கி மலைகளில் அது கிடையாது. மேற்கேயிருந்து நடந்தே வந்ததாகச் சொல்கிறார்கள். வந்து, ஒரே வாரத்தில் அண்ணியிடம் ஐந்து கோழிகளைக் கொண்டுபோயின.

தீவனக் கடைக்கு நானும் அண்ணியும் போயிருந்தோம். கடைக்காரன் க்ரீட் ஸ்டம்பர் எந்தத் துப்பாக்கியைப் பற்றியும் அரைமணி நேரம் பேசுவான்.

"இருபத்திரண்டா? டெல்ஃபியா, அதால சுட்டா கயோட்டி கொசு கடிச்சதுன்னு நெனச்சு சொறிஞ்சிட்டுப் போயிடும்."

"போன வருஷம் நீ பெரிய துப்பாக்கியால ஒரு மானச் சுட்டியே க்ரீட், அது எங்க?"

"அது ஓடிடுச்சு."

"அதுவும் சொறிஞ்சிட்டா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். க்ரீடுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிங்க, சிரிங்க. மான் துப்பாக்கி வாங்கிக்க டெல்ஃபியா. எங்க பட்டாலும் விழுந்துடும்."

"அந்தக் குண்டு கயோட்டியத் தாண்டி எங்க போய் நிக்கும்?"

"அதுவா? ஒரு மைல் போகும்!" என்று பெருமையாகச் சொன்னான்.

"அந்த ஒரு மைலுக்குள்ள ஓமி வீடு இருக்கு," என்று அண்ணி என்னைக் காட்டினார். "தீவனத்த எடுத்துப் போடு."

ஆனால் க்ரீட் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அதையும் நான் சொல்லிவிட வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை தோட்டத்து மூலையில் ஒரு கயோட்டி நின்றது. நடந்தால் அறுபது எட்டு இருக்கும். அண்ணி கோபத்தில் இருந்தார், சுட்டுவிட்டார். அது விழவில்லை. ஒருமுறை உட்கார்ந்து எழுந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு மலை ஏறிவிட்டது.

அண்ணி வீட்டுக்குள் போய்ச் சோளரொட்டியும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போனார். இருட்டியதும் வந்தார், விடிந்ததும் மறுபடி போனார். அறுபது வயது, முழங்கால் இரண்டும் சரியில்லை. மறுநாள் மத்தியானம் ஒரு பாறை இடுக்கில் அதைக் கண்டுபிடித்தார். உயிர் இருந்தது. முடித்துவிட்டுத் திரும்பி வந்து என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்தார். நான் பீன்ஸ் வைத்துக் கொடுத்தேன். அவர் தொடவில்லை.

"விடுங்க அண்ணி. கோழி தின்ன மிருகம்தான?"

"கோழி தின்னா கொல்லலாம் ஓமி. ஒரு ராத்திரி முழுக்க நோக வைக்கலாமா?" தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "குழல் சின்னதுன்னு இல்ல. நான் தூரத்துல நின்னேன்."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதற்கு ஒரு ஜோடி இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு கோழி போயிற்று.

அண்ணியின் வீட்டுக்குள் நல்ல கழிப்பறை இருக்கிறது, பர்ல் கட்டிக்கொடுத்தது. பழைய வெளிக் கக்கூஸை மட்டும் அண்ணி இடிக்க விடவில்லை. பலகைச் சுவர், தகரக் கூரை. அதன் கதவு கோழிக் கொட்டகையைப் பார்த்து இருக்கும். நடந்து அளந்தார். பன்னிரண்டு எட்டு. எதிரே மண்சுவர். உள்ளே இருக்கும் ஆளின் வாசனை எந்த மிருகத்துக்கும் எட்டாது, காரணம் சொல்லத் தேவையில்லை. கதவின் கீழ்ப்பலகை ஒன்றைக் கழற்றினார், குழல் நுழையும் அளவுக்கு. திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத ஓமி. சொன்னா க்ரீட் நாலு நாயக் கூட்டிட்டு வந்துடுவான். ஆறு மாசம் அது இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. ஏழாவது மாசம் வரும்."

சொல்லமாட்டேன் என்றேன். நான் ஒன்று சொன்னால் அதிலிருந்து மாறுகிறவள் இல்லை.

எங்கள் ஓடைக்கரை குறுகலானது. ஒரு வீட்டு வாசலில் நின்றால் நான்கு வீடு தெரியும். வீட்டுக்குள் கழிப்பறை இருக்கும்போது ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் மேல்கோட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு குனிந்து போய், வெளிக் கக்கூஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன நினைக்கும்? கோட்டுக்குள் துப்பாக்கி இருக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்து என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்றேன். புதன்கிழமை பாதிப் பேர் அது வயிற்றுப்போக்கு என்றும், பாதிப் பேர் மலச்சிக்கல் என்றும் முடிவு செய்துவிட்டார்கள். முதல் கட்சி ப்ளாக்பெர்ரி வேரைக் காய்ச்சிக் கஷாயம் அனுப்பியது. இரண்டாவது கட்சி விளக்கெண்ணெய் அனுப்பியது. அண்ணி இரண்டையும் வாங்கி, நன்றி சொல்லி, அலமாரியில் வைத்தார்.

வியாழக்கிழமை போதகர் பிரதர் ஹார்லிஸ் வந்தார். ஜெபக்கூட்டத்தில் அண்ணியின் பெயரை வாசித்ததாகச் சொன்னார்.

"என்னன்னு சொல்லி வாசிச்சீங்க பிரதர்?"

"கீழ் வயித்துத் தொந்தரவுன்னு பொதுவா சொன்னேன் சிஸ்டர். விவரமா சொல்லல."

"ரொம்ப உபகாரம்."

"டாக்டர்கிட்ட போனா என்ன?"

"இன்னும் ரெண்டு நாள் பாக்குறேன் பிரதர். கிட்ட வந்துட்டு இருக்கு."

அவர் மரணம்தான் கிட்டே வருகிறது என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கே டேட்டனில் பர்லுக்குப் போன் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பர்ல் வந்து இறங்கினான். கையில் காலியான பெரிய பெட்டி ஒன்று, அம்மாவின் துணிமணிக்கு. தோளில் தன்னுடைய மான் துப்பாக்கி, தொலைநோக்கி வைத்தது. ஊருக்கு வந்தால் அதைக் கொண்டுவராமல் இருக்கமாட்டான்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் கெளம்பறோம். டேட்டன்ல நல்ல டாக்டர் இருக்காரு. மாடில உனக்கு ரூம் போட்டாச்சு."

"டாக்டரப் பாத்துட்டு எப்ப திரும்பி வருவேன்?"

பர்ல் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா."

"ஒண்ணும் இல்லாமயா தெனம் ரெண்டு மணி நேரம்? அத்தை, நீயாவது சொல்லேன்."

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "உங்க அம்மா வயித்தப் பத்தி நான் எப்படிடா சொல்றது?" என்றேன். இப்போது சொல்லிவிட்டால் அவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடப்பான், க்ரீடுக்குத் தகவல் போகும், நாய் வரும். பெட்டி காலியாகவா திரும்பும்? கோழியைக் காப்பாற்ற முடியாத கிழவி என்று வேறொரு காரணம் கிடைத்துவிடும். அண்ணி என்னைப் பார்த்தார். நான் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

சனிக்கிழமை விடியும்போது பனி மூட்டம் இல்லை. நான் காபியோடு என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி குனிந்துகொண்டே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். மலை விளிம்பிலிருந்து அது இறங்கியது. நல்ல உடம்பு, வாலைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு அடி வைத்து நின்று, மறுபடி இரண்டு அடி வைத்து வந்தது. கொட்டகை மூலைக்கு இன்னும் பத்து அடி இருந்தது.

அப்போது அண்ணியின் வீட்டு வாசலில் பர்ல் வந்து நின்றான். உள்ளாடையும் பூட்ஸும் மட்டும் போட்டிருந்தான். கையில் மான் துப்பாக்கி. தூணில் சாய்த்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்தான்.

அவன் நின்ற இடத்திலிருந்து கோடு போட்டால், முதலில் கயோட்டி, அதற்குப் பின்னால் ஓடை, அதற்குப் பின்னால் நான்.

எழுந்து உள்ளே ஓடியிருக்கலாம். ஓடினால் கயோட்டியும் ஓடிவிடும். பிறகு பெட்டியில் துணி ஏறும். நான் உட்கார்ந்தே இருந்தேன். கண்ணை மட்டும் அவன் பக்கம் வைத்திருந்தேன். காபியைக் குடிக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை. குழல் கொஞ்சம் இடதுபுறம் நகர்ந்தது, கொஞ்சம் வலதுபுறம் நகர்ந்தது, பிறகு அப்படியே நின்றது. தொலைநோக்கியில் அவனுக்கு என் முகம் தெரிந்திருக்கும். அவன் தலையைத் தூக்கினான். மெதுவாகக் குழலைத் தரையைப் பார்த்து இறக்கிவிட்டான்.

கயோட்டி கொட்டகை மூலைக்கு வந்தது. கக்கூஸிலிருந்து ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி. கயோட்டி நின்ற இடத்திலேயே படுத்துவிட்டது. கோழிகள்கூடக் கத்தவில்லை.

நான் காபியைக் குடித்துவிட்டு ஓடையைத் தாண்டிப் போனேன்.

பர்ல் அதன் பக்கத்தில் குந்தி, கழுத்தைத் திருப்பி, விலாவைத் தடவி, குண்டு பட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான். அண்ணி கக்கூஸிலிருந்து வந்து, துப்பாக்கியைத் திறந்து காலித் தோட்டாவை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"காதுக்குப் பின்னால பாரு," என்றார்.

முடியை விலக்கினான். ஒரு சின்ன ஓட்டை. ரத்தம் ஒரு சொட்டு. "இவ்ளோதானா?"

"இன்னும் எவ்ளோ வேணும்?"

"இதுக்காகவா அம்மா ஒரு வாரமா உள்ள உக்காந்திருந்த? வயிறு?"

"அவங்க குடுத்த கஷாயத்தையும் விளக்கெண்ணெயையும் சேத்துக் குடிச்சிருந்தா நீ சொல்றது வந்திருக்கும். நீ ஏன் சுடல?"

அவன் என்னைக் காட்டினான். "பின்னாடி அத்தை உக்காந்திருந்தா."

"பாத்தியே, அது போதும்," என்றார் அண்ணி. பர்லைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட பெரிய பாராட்டு அதுதான்.

கயோட்டியை அவனே மலைமேல் கொண்டுபோய்ப் புதைத்தான். அன்று முழுக்க டேட்டன் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பெட்டி கட்டில் பக்கத்திலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரதர் ஹார்லிஸ், சிஸ்டர் டெல்ஃபியாவின் சுகத்துக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அண்ணியும் ஆமென் சொன்னார்.

சாப்பாடு முடிந்து, பர்ல் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினான்.

"அம்மா, சும்மாவாவது வாயேன். குளிர்காலம் மட்டும்."

"கோழிய யாரு பாக்குறது?"

"அதான் எதிர்லயே ஓமி அத்தை இருக்காளே. பாத்துக்க மாட்டாளா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாக்க மாட்டேன்," என்றேன்.

"ஏன் அத்தை?"

"பிடிக்கல."

பர்ல் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து வண்டியின் பின்னால் போட்டான். காலியாக இருந்ததால் அது தடதடவென்று சத்தம் போட்டது. அண்ணி அவனுக்குச் சோளரொட்டி பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.